மழை பொய்த்தால் அடுப்பு அணைய வேண்டுமா?

சென்னையில் பக்கிங்காம் கால்வாய் இருக்கிறது. ஒரு காலத்தில் அதில் படகுகள் ஓடின. இன்று அது சாக்கடை போலக் கிடக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டிப் போகிறோம்.

இந்தக் கால்வாயில், கூவம் ஆற்றையும் அடையாற்றையும் இணைக்கிற பகுதியை வெட்டியது யார் தெரியுமா?

பட்டினி கிடந்தவர்கள்!

1876-ம் ஆண்டில் மழை பொய்த்தது. ஏரி, குளம் எல்லாம் வற்றின. வயல் வெடித்தது. சேலம், கோயம்புத்தூர், மதுரை, செங்கற்பட்டு, வட ஆர்க்காடு ஜில்லாக்களிலிருந்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். சென்னைக்குப் போனால் கஞ்சியாவது கிடைக்கும் என்று நடந்தார்கள். பலர் வழியிலேயே விழுந்தார்கள்.

அப்படி வந்தவர்களின் கையில் மண்வெட்டியைக் கொடுத்தார்கள். ஐந்து மைல் நீளத்துக்குக் கால்வாய் வெட்டப்பட்டது. அப்போது சென்னைக் கவர்னராக இருந்தவர் பக்கிங்காம் பிரபு. அவருடைய பெயரே கால்வாய்க்கு வைக்கப்பட்டது. வெட்டியவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது.

இதுதான் தாது வருஷப் பஞ்சம். "எங்கள் பாட்டிக்குப் பாட்டி தாது வருஷத்தில் பிழைத்தவள்" என்று சொல்லும் குடும்பங்கள் இன்றும் உண்டு. 1876 முதல் 1878 வரை நீடித்த இந்தப் பஞ்சத்தில், வெள்ளையர் ஆட்சியில் இருந்த பகுதிகளில் மட்டும் 50 லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள்.

மழை இல்லை, அதனால் செத்தார்கள். இப்படித்தான் நாம் நினைக்கிறோம். ஆனால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதியைக் கேளுங்கள்.

ஒரே துரை, இரண்டு பஞ்சம்

சர் ரிச்சர்டு டெம்பிள் என்று ஒரு வெள்ளைக்கார அதிகாரி இருந்தார். 1873, 1874-ம் ஆண்டுகளில் பீகாரில் பஞ்சம் வந்தது. அங்கே நிவாரண வேலையை அவரிடம் ஒப்படைத்தார்கள். பர்மாவிலிருந்து சுமார் 4½ லட்சம் டன் அரிசி வரவழைக்கப்பட்டது. ஊர் ஊராக அது போய்ச் சேர்ந்தது. பட்டினியால் இறந்தவர்கள் மிகவும் குறைவு.

டெம்பிளுக்குப் பாராட்டு கிடைத்திருக்க வேண்டும் அல்லவா? கிடைத்தது வசவு! "பணத்தைத் தண்ணீராக இறைத்துவிட்டார்" என்று அவர் மேல் குற்றம் சாட்டினார்கள்.

மூன்று ஆண்டு கழித்து, 1877 ஜனவரியில், அதே டெம்பிளைச் சென்னை ராஜதானிக்கு அனுப்பினார்கள். இந்தத் தடவை அவர் செலவைக் குறைப்பதில் குறியாக இருந்தார். நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். ஒரு ராத்தல் என்றால் சுமார் 450 கிராம். அதைத் தின்றுவிட்டு நாள் முழுவதும் மண் சுமக்க வேண்டும்!

டாக்டர் கார்னிஷ் என்பவர் அப்போது சென்னை ராஜதானியின் சுகாதார அதிகாரி. அவரும் வெள்ளைக்காரர்தான். "இந்தக் கூலியில் மனிதன் உயிர் வாழ முடியாது" என்று அவர் சண்டை போட்டார். சில மாதங்களில் கூலி ஓரளவு உயர்ந்தது. அதற்குள் எத்தனையோ உயிர்கள் போய்விட்டன.

அந்த 1877 ஜனவரி முதல் தேதியன்றுதான் டில்லியில் பெரிய தர்பார் நடந்தது. விக்டோரியா ராணியை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கான விருந்தாளிகளுக்கு அங்கே விருந்து நடந்தது. சென்னை ராஜதானியில் தெருவோரம் பிணம் கிடந்தது.

மூட்டை இருந்தது, காசு இல்லை

"தானியமே இல்லாதபோது சர்க்கார் என்ன செய்யும்?" என்று நீங்கள் கேட்கலாம்.

தானியம் இருந்தது! சென்னைக் கடற்கரையில் மூட்டைகள் மலை போலக் குவிந்திருந்தன. அந்த ஆண்டுகளிலும் இந்தியாவிலிருந்து கோதுமை கப்பல் ஏறி இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தது. 1856-ம் ஆண்டிலேயே சென்னைக்கு ரயில் வந்துவிட்டது. தானியத்தை ஏற்றிச் செல்ல வண்டியும் இருந்தது.

இல்லாமல் போனது எது? கூலிக்காரன் கையில் காசு!

வயலில் வேலை இல்லை. ஆகவே கூலி இல்லை. துணி வாங்க ஆள் இல்லை. ஆகவே நெசவாளியின் தறி நின்றது. அதே சமயம் தானிய விலை மடங்கு மடங்காக ஏறியது. பூட்டிய கடைக்குள் மூட்டை இருந்தது. கடைக்கு வெளியே மனிதன் செத்தான்.

வங்காளத்தில் 1943-ம் ஆண்டில் பெரும் பஞ்சம் வந்தது. அதைச் சிறுவனாக இருந்தபோது கண்ணால் கண்டவர் அமர்த்தியா சென். பிறகு அவர் பொருளாதார மேதை ஆனார். பஞ்சங்களை ஆராய்ந்து 1981-ல் ஒரு நூல் எழுதினார். 1998-ல் நோபல் பரிசும் பெற்றார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: நாட்டில் உணவு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அதைப் பெறுகிற வழி ஒவ்வொரு வீட்டுக்கும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வழி அடைபட்டால், குதிர் நிறைந்த நாட்டிலும் பட்டினிச் சாவு வரும்.

மறுபடியும் அதே வானம்

140 ஆண்டுகள் ஓடின. 2016-ம் ஆண்டு வந்தது.

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ம் தேதி திறப்பார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 20-ம் தேதிதான் திறந்தார்கள். குறுவை போயிற்று. சரி, சம்பாவாவது கைகொடுக்கும் என்று உழவர்கள் விதைத்தார்கள். ஐப்பசி வந்தது, மழை வரவில்லை. கார்த்திகை வந்தது, அப்போதும் இல்லை. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவிகிதம் குறைந்துபோயிற்று. 1876-க்குப் பிறகு இப்படி ஒரு பருவத்தைத் தமிழ்நாடு கண்டதில்லை என்று கணக்குப் பார்த்தவர்கள் சொன்னார்கள். 2017 ஜனவரி 10-ம் தேதி எல்லா மாவட்டங்களும் வறட்சிப் பகுதி என்று அரசு அறிவித்தது.

1876-ல் சென்னை ராஜதானி முழுவதுக்கும் ஜனத்தொகை சுமார் 3 கோடி. அந்த ராஜதானியில் ஆந்திரப் பகுதியும் சேர்ந்திருந்தது. 2016-ல் தமிழ்நாட்டில் மட்டும் 7 கோடிக்கு மேல். வாய் அதிகம், மழையோ அன்று போலவே இல்லை. அப்படியானால் அன்றைவிடப் பெரிய சாவு அல்லவா வந்திருக்க வேண்டும்?

வரவில்லை. பயிர் செத்தது. மாடுகள் மெலிந்தன. ஆனால் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் பட்டினியால் சாகவில்லை. வானம் மாறவில்லை. நடுவில் சில சுவர்கள் எழும்பியிருந்தன. அவை என்ன என்று பார்ப்போம்.

முதல் சுவர்: ரேஷன் கடை

தெருமுனையில் இருக்கிற ரேஷன் கடையை நாம் பெரிதாக நினைப்பதில்லை. "எடை குறைகிறது, கல் கிடக்கிறது" என்று குறை சொல்லுவோம். அந்தக் குறை நியாயமானதுதான். ஆனால் தாது வருஷத்து மனிதன் அந்தக் கடையைக் கண்டிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பான்!

ஏன் தெரியுமா? மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அந்தக் கடைக்கு அரிசி வரும். தஞ்சாவூரில் விளையாவிட்டால் பஞ்சாபிலிருந்து வரும். ஊரில் விலை ஏறினாலும் அங்கே ஏறாது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் தேதியிலிருந்து அரிசி அட்டைக்கு விலையில்லா அரிசி கொடுத்தார்கள். குடும்பத்தின் அளவைப் பொறுத்து மாதம் 20 கிலோ வரை கிடைத்தது. மிகவும் ஏழைக் குடும்பங்களுக்கு 35 கிலோ. 2007 முதல் துவரம் பருப்பும் பாமாயிலும் குறைந்த விலைக்குக் கிடைத்தன.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 20 கிலோ அரிசி ஏறக்குறைய அரை மாதத்துக்கு வரும். முழு மாதத்துக்குப் போதாதுதான். ஆனால் அரை மாதச் சோறு உறுதி என்றால், மீதி அரை மாதத்துக்கு ஒரு குடும்பம் எப்படியாவது சமாளிக்கும்.

இரண்டாவது சுவர்: பள்ளிக்கூடத்துப் பானை

பஞ்சத்தில் முதலில் வாடுவது குழந்தை. 1956-ம் ஆண்டில் முதலமைச்சர் காமராஜர் பள்ளிக்கூடங்களில் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். 1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெரிதாக்கினார். இளமையில் பசியை அனுபவித்தவர் அவர். பிறகு வந்த ஆட்சிகளில் முட்டை சேர்ந்தது. 2022-ல் காலைச் சிற்றுண்டியும் வந்தது.

வயலில் ஒன்றும் விளையாத ஆண்டிலும் பள்ளிக்கூடத்து அடுப்பு எரிந்தது. வீட்டில் கஞ்சி தண்ணீராக இருந்தாலும், பிள்ளைக்கு ஒரு வேளைச் சோறு உறுதி. அதனால் பிள்ளையை ஆடு மேய்க்க அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்பினார்கள். சோறும் கிடைத்தது, படிப்பும் நிற்கவில்லை.

மூன்றாவது சுவர்: வேலை

1972-ல் மகாராஷ்டிரத்தில் கொடிய வறட்சி வந்தது. அரசாங்கம் சாலை போடவும் குளம் வெட்டவும் ஆள் கூப்பிட்டது. 1973 கோடையில் சுமார் 50 லட்சம் பேர் அந்த வேலைகளில் இருந்தார்கள். கூலி கையில் வந்தது. கூலி இருந்ததால் கடையில் தானியம் வந்தது. பெரிய சாவு தடுக்கப்பட்டது.

"கேட்டவனுக்கு வேலை கொடுப்பது அரசின் கடமை" என்று பிறகு அந்த மாநிலம் சட்டமே போட்டது. அதுவே முன்மாதிரி ஆயிற்று. 2005-ல் நாடு முழுவதற்கும் கிராம வேலை உறுதிச் சட்டம் வந்தது. நம் ஊரில் "நூறு நாள் வேலை" என்றார்கள். 2017 வறட்சியின்போது தமிழ்நாட்டில் 100 நாளை 150 நாளாக உயர்த்துவதாக அரசு அறிவித்தது.

1877-லும் வேலை கொடுத்தார்கள். கால்வாய் வெட்டச் சொன்னார்கள். அன்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம்? அன்று அது பிச்சை. பின்னால் வந்தது உரிமை. பிச்சையைக் கொடுப்பவன் குறைக்கலாம். உரிமையைக் கேட்டு வாங்கலாம்.

சுவரில் ஓட்டை

எல்லாம் நன்றாக நடந்துவிட்டது என்று எண்ண வேண்டாம்.

2016-17 வறட்சியில் கருகிய பயிரைப் பார்த்து உழவர்கள் பலர் மனம் உடைந்து மாண்டார்கள். சிலர் மாரடைப்பால் இறந்தார்கள். சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டு உழவர்கள் டில்லிக்குப் போய், மண்டை ஓடுகளைக் கையில் வைத்துக்கொண்டு போராடியதை நாடு பார்த்தது. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. ஆனால் வட்டிக்கு வாங்கிய கடன் அதைவிடப் பெரியது. வேலை செய்த கூலி மாதக் கணக்கில் வரவில்லை என்ற புகாரும் எழுந்தது. பசி மாதக் கணக்கில் காத்திருக்குமா?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2001-ல் ராஜஸ்தானில் வறட்சி. அதே சமயம் அரசின் கிடங்குகளில் தானியம் நிரம்பி வழிந்தது; மூட்டைகள் வெளியே கிடந்து கெட்டன. சென்னைக் கடற்கரை மூட்டைகளின் கதைதான் மறுபடியும்! இதை எதிர்த்து மக்கள் அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. நாடு முழுவதும் அரசுப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு கொடுக்க வேண்டும் என்று அந்த ஆண்டு நவம்பரில் நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தட்டோடு உட்கார்ந்துவிட்டார்கள்.

கண்ணுக்குத் தெரியாத பசியும் உண்டு. 2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் எடுத்த குடும்ப நலக் கணக்கெடுப்பில், 100 பெண்களில் 57 பேருக்கு ரத்தசோகை இருந்தது. வயிறு நிறைய அரிசி இருந்தாலும், கீரை, பருப்பு, முட்டை இல்லாவிட்டால் உடம்பில் ரத்தம் ஊறாது. வறட்சி வந்தால் முதலில் குறைவது குழம்பில் பருப்பு. அடுத்துக் குறைவது அம்மாவின் தட்டில் சோறு.

ஒரு வீடு எப்படிச் சரிகிறது?

வறட்சி ஒரே நாளில் வீட்டைச் சாய்ப்பதில்லை. படிப்படியாகத்தான் இறக்கும்.

முதலில் பால் முழுவதையும் விற்பார்கள். பிறகு தோடு அடகுக்குப் போகும். பிறகு ஆடு போகும், மாடு போகும். மாட்டை விற்றால் அடுத்த ஆண்டு உழவுக்கும் வழி இல்லை, பாலுக்கும் வழி இல்லை. பிறகு கடன். கடைசியில் நிலம். நிலம் போனால் குடும்பம் ஊரை விட்டுச் செங்கல் சூளைக்கோ நகரத்துக்கோ போக வேண்டியதுதான். தாது வருஷத்தில் பலர் கடல் தாண்டி இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள்.

தோடு போனால் மீட்கலாம். நிலம் போனால் மீட்பது கடினம். ஆகவே மேல் படியிலேயே வீட்டைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். "பஞ்சம் போம், பஞ்சத்தில் பட்ட வடு போகாது" என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

நாம் செய்யக்கூடியது என்ன?

அரசாங்கம் செய்ய வேண்டியதை அரசாங்கம்தான் செய்ய வேண்டும். ஆனால் வீடும் ஊரும் செய்யக்கூடிய காரியங்களும் உண்டு.

ரேஷன் அட்டையைச் சரியாக வைத்திருங்கள். பிறந்த குழந்தையின் பெயர், கல்யாணமாகி வந்த மருமகளின் பெயர் விட்டுப்போயிருந்தால் இப்போதே சேர்த்துவிடுங்கள். வறட்சி வந்த பிறகு அலையக் கூடாது. வேறு மாநிலத்துக்கு வேலைக்குப் போனாலும் அங்கே உள்ள கடையில் தானியம் வாங்க வழி உண்டு. 2020 அக்டோபரில் தமிழ்நாடும் அந்த ஏற்பாட்டில் சேர்ந்தது.

விதையைத் தொடாதீர்கள். அதைத் தின்றால் அடுத்த ஆண்டுப் பசியையும் இப்போதே வாங்கிக்கொள்கிறோம். மானாவாரி நிலத்தில் ஒரு பகுதியிலாவது கம்பு, வரகு, சாமை, குதிரைவாலி போடுங்கள். நெல்லுக்கு வேண்டிய தண்ணீர் இவற்றுக்கு வேண்டாம். உமி நீக்காத வரகு ஆண்டுக்கணக்கில் கெடாது. கோபுரக் கலசத்தில் வரகு போட்டு வைத்த முன்னோர்கள் விவரம் தெரிந்தவர்கள்! 2023 முதல் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியதும் நல்ல காரியம்.

பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தெருவில் விடாதீர்கள். அது ஒரு முருங்கைக்கும் ஒரு பப்பாளிக்கும் போதும். முருங்கைக் கீரை இருக்கிற வீட்டில் குழம்பு வெறுங்குழம்பு ஆகாது.

சாகுபடிக்குக் காப்பீடு செய்யுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கடன் வாங்க நேர்ந்தால் கூட்டுறவுச் சங்கத்துக்கோ மகளிர் குழுவுக்கோ போங்கள். வறண்ட மாவட்டமான தருமபுரியில்தான் 1989-ல் தமிழ்நாட்டு மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின என்பதை நினைவில் வையுங்கள். கந்து வட்டிக்காரன் வாசலை மிதிக்காதீர்கள். அநியாய வட்டியைத் தடுக்க 2003-லேயே சட்டம் வந்துவிட்டது.

ஊராகச் சேர்ந்தால் இன்னும் செய்யலாம். தெலங்கானாவில் ஜகீராபாத் என்ற வறண்ட வட்டாரம் இருக்கிறது. அங்கே டெக்கான் வளர்ச்சிச் சங்கத்தைச் சேர்ந்த ஏழைத் தலித் பெண்கள் தரிசு நிலத்தைத் திருத்திச் சோளம் விதைத்தார்கள். விளைந்ததில் ஒரு பங்கை ஊரிலேயே சேமித்தார்கள். இல்லாத வீடு எது என்று அவர்களே கணக்கெடுத்தார்கள். அந்த வீடுகளுக்குக் குறைந்த விலையில் கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் பலர் அந்தக் குழுவில் இருந்தார்கள். 2019-ல் ஐக்கிய நாடுகளின் பரிசு அவர்களைத் தேடி வந்தது!

"இல்லாத வீடு எது?" இந்தக் கேள்வியை ஒவ்வொரு ஊரும் வறட்சிக் காலத்தில் கேட்க வேண்டும். அட்டை இல்லாத கிழவி யார்? நிலம் தன் பேரில் இல்லாததால் நிவாரணம் கிடைக்காத குத்தகைக்காரர் யார்? கணவன் ஊரை விட்டுப் போய், பிள்ளைகளோடு தனியே நிற்கும் பெண் யார்? ஊரில் உள்ளவர்களுக்குத்தான் அது தெரியும். கிராம சபையில் எழுந்து சொல்லுங்கள். தாசில்தாருக்கு மனு எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதத் தெரிந்தவர்கள் எழுதிக் கொடுங்கள்.

மழை மறுபடியும் பொய்க்கும். 1876-ல் பொய்த்தது, 2016-ல் பொய்த்தது. அது நம் கையில் இல்லை. ஆனால் அடுப்பு எரிவதும் அணைவதும் மனிதர்கள் செய்கிற ஏற்பாட்டில் இருக்கிறது. ஒரே டெம்பிள் துரை பீகாரில் உயிர் காத்தார். சென்னையில் கூலியைக் குறைத்தார். வித்தியாசம் வானத்தில் இல்லை. கணக்குப் புத்தகத்தில் இருந்தது.

அடுத்த தடவை பக்கிங்காம் கால்வாயைத் தாண்டும்போது மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். ஒரு ராத்தல் தானியத்துக்காக அதை வெட்டியவர்களை நினைத்துப் பாருங்கள். பிறகு வீட்டுக்குப் போய், ரேஷன் அட்டையில் எல்லோருடைய பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டு அட்டையையும் கேளுங்கள்.